சுடுதண்ணீர்ப் புட்டியும் ஒரு நாள் லீவும்

யுத்தம் முடிவதற்கு முந்தின தை மாதம். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். டவுனில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி, யார் டாக்டர் என்பதெல்லாம் வேண்டாம். தவறு என்னுடையது. அதில் மற்றவர்களை இழுப்பது நியாயமில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர். அப்பா அங்கே மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். திருச்சியில் மூன்று வருடம் நர்ஸ் படிப்பு படித்தேன். கட்டுப் போடுவதில் எங்கள் வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தலையோ, தோளோ, முழங்காலோ, நான் போட்ட கட்டு நோயாளி புரண்டு படுத்தாலும் நெகிழாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், பரீட்சை வைத்த டாக்டரே சொன்னார். அந்தத் தலைக்கனத்தோடுதான் புதுக்கோட்டைக்கு வந்து இறங்கினேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, கட்டுப் போடும் வேலை எனக்கு முன்னால் வந்தவர்களுக்கு என்று. காலை ஏழு மணிக்கு வார்டில் ஏறினால் சாயங்காலம் ஏழுக்குத்தான் இறங்க முடியும். எனக்குக் கிடைத்தது பெட்பான் எடுப்பது, விரிப்பு மாற்றுவது, துணிகளை வேகவைப்பது, கஞ்சி கொடுப்பது. வாரத்தில் அரைநாள் ஓய்வு என்று பேர். வேறு நர்ஸ் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த அரைநாளும் போய்விடும். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவள், நாலு மாதத்தில் மூன்று பூசைதான் கண்டேன். என்னோடு படித்த இரண்டு பேர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் எழுதும் கடிதத்தைப் படித்தால் எனக்கு வயிறெரியும். இதற்கா மூன்று வருடம் படித்தோம் என்று விரிப்பை உதறும்போதெல்லாம் நினைப்பேன்.

அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர் வேலை காலியாகிறது, பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன், உனக்கென்றால் அவருக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு வீடு, ஞாயிறு லீவு, கோடை லீவு தனி. கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே எனக்குப் பாதி மனசு ஆவூருக்குப் போய்விட்டது. தை மாதம் தங்கச்சி கல்யாணம். அதற்குப் போகும்போது அப்பாவிடம் சரி என்று சொல்லிவிடுவது, திரும்பி வந்து வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டேன். தலைமை நர்ஸம்மா கண்டிப்பானவர். "வந்து நாலு மாசம்தான் ஆகுது, மூணு நாளா? இங்கிட்டு ஆள் எங்க இருக்கு?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது, "டாக்டர் கையெழுத்துப் போட்டா எனக்கென்ன, போயிட்டு வாங்க" என்றார். லெட்டரை எழுதி டாக்டர் அறைக்கு அனுப்பிவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே இரண்டு நாள் வேலை பார்த்தேன்.

என் வார்டில் அரிமளம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி சேர்ந்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள் இருக்கும். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கட்டி. தலையில் சுமை ஏற்ற முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை என்று அவளுடைய ஆத்தா கூட்டி வந்திருந்தார். புருஷன் யுத்தத்துக்கு முன்னால் மலாயாவுக்குப் போனவன். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு கடிதம் இல்லை, ஆள் இருக்கிறானா என்றும் தெரியவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். தாயும் மகளும் அறுப்புக்குப் போய்க் கூலியாக வாங்கும் நெல்தான் அவர்களுக்கு வருஷச் சாப்பாடு. அதனால் டாக்டர் வந்தாலும், கூட்டுகிறவள் வந்தாலும், அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "தை கடைசியில அறுப்பு. அதுக்குள்ள போயிருவேனா?"

"இருபது நாள்ல வேலைக்கே போகலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்கத்துக்காகக் குளோரோபாரம் முகர்ந்தவர்களுக்கு உடம்பு ஜில்லிட்டுப்போகும். அதற்காகக் கால்மாட்டில் சுடுதண்ணீர் வைப்போம். யுத்தத்தால் ரப்பர் பை கிடைக்காத காலம். இருந்த பைகளும் வெடித்துப்போய், கண்ணாடிப் புட்டியில் வெந்நீர் ஊற்றித் தக்கையால் அடைத்து, கம்பளித் துணி உறை போட்டு வைப்பதுதான் வழக்கம். மயக்கத்தில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. அதனால் புட்டி உடம்பில் படக்கூடாது, நடுவில் போர்வை இருக்க வேண்டும், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் வருடப் பாடம் இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அன்றைக்கு உறைகள் துவைத்துக் காயாமல் கிடந்தன. மெல்லிசான ஒரு துணியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் புட்டியைக் காலருகே வைத்துக்கொண்டிருந்தபோதே, டாக்டர் அறைப் பியூன் வாசலில் வந்து நின்று, "லீவு லெட்டருக்குக் கையெழுத்துப் போடக் கூப்பிடுறாரு" என்றான். நடுவில் போர்வை வைத்தேனா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன்.

கையெழுத்து வாங்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பும் வழியில் இன்னொரு நர்ஸிடம் லெட்டரைக் காட்டி, தங்கச்சிக்கு எடுத்த சேலை என்ன நிறம், மாப்பிள்ளை என்ன வேலை என்று பேசிக்கொண்டு நின்றதுதான் அதிகம். அரைமணிக்கு மேலாகிவிட்டது.

வார்டுக்கு வந்தால் அவள் மயக்கத்திலேயே முனகிக்கொண்டிருந்தாள். போர்வையை விலக்கினேன். துணி அவிழ்ந்து கிடந்தது. புட்டி இடது குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ரூபாய் அளவுக்குத் தோல் வெளுத்து, அதைச் சுற்றிச் செக்கச் செவேல் என்று இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. அவளுடைய ஆத்தா வராந்தாவில் இருந்தார். புட்டியை எடுத்து மறைத்துவிட்டால் முடிந்தது. கொப்புளம் நாளைக்குத்தான் முழுசாகத் தெரியும். நாளை மறுநாள் நான் ஆவூரில் இருப்பேன். அதற்கப்புறம் இந்த வேலையே இல்லை. பெரிய ஆப்பரேஷன், ஏதோ உரசியிருக்கும் என்று யாராவது சொல்லிக்கொள்வார்கள். இதெல்லாம் நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய்.

ஈரத்துணியைக் குதிகாலில் வைத்துப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"கட்டிய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு அக்கா."

"முதுகுல வலி தெரியலை. கால்தான் என்னமோ எரியுது. ஏன் நர்ஸம்மா?"

மயக்க மருந்து அப்படித்தான் செய்யும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுடுதண்ணிப் புட்டி பட்டிருச்சு அக்கா. நான்தான் சரியா சுத்தாம வச்சுட்டுப் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்கு அது எவ்வளவு புரிந்ததோ, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வாசலில் நின்ற அவள் ஆத்தாவுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. "முதுகுக்குன்னு கூட்டியாந்தா காலைச் சுட்டு வச்சிருக்கியே பாவி! அவ எப்படி வயல்ல நிப்பா?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. நான் போய் யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் போய்ச் சொன்னேன். தலைமை நர்ஸம்மாவிடம் நின்று, உறை இல்லாமல் வைத்தது, போர்வை வைக்காதது, வழியில் பேசிக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

டாக்டர் வந்து காலைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த லெட்டரைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். தன் கையெழுத்தைத் தானே அடித்தார். "வேலையில வச்சுக்கிறதா வேண்டாமாங்கிறதை அப்புறம் பாக்கலாம். இப்பப் போய் வார்டுல நில்லுங்க" என்றார்.

மறுநாள் காலையில் கொப்புளம் பெரிதாகியிருந்தது. கட்டுப் போட வேறொரு மூத்த நர்ஸை அனுப்பினார்கள். நான் எதிர்வரிசையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டாள்.

"நேத்து சொன்னுச்சே, அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் ஆத்தாவுக்குத்தான் தாங்கவில்லை. "சுட்டவ கையிலயேவா காலைக் குடுக்கப் போற? ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"சுட்டவதான் ஆத்தா" என்றாள் அவள். "ஆனா நான் கேட்டப்ப நெசத்தைச் சொன்னவளும் அவதானே. வேற ஒருத்தி வந்து, ஆறிருச்சுன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?"

தலைமை நர்ஸம்மா மூத்த நர்ஸிடமிருந்து மருந்துத் தட்டை வாங்கி என் கையில் கொடுத்தார்.

இப்படித்தான் அந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலை முதன்முதலாக எனக்குக் கிடைத்தது. எந்த வேலைக்காக நாலு மாதம் ஏங்கினேனோ, அது நான் சுட்ட காலில்தான் கைக்கு வந்தது. காலையிலும் மாலையிலும் புண்ணைக் கழுவி, வாஸ்லின் தடவிய துணி வைத்து, குதிகால் மெத்தையில் படாதபடி தலையணையில் தூக்கி வைத்துக் கட்டுவேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள்: "இன்னைக்கு எப்படி இருக்கு?" ஒவ்வொரு தடவையும் நான் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாள் தோல் கழன்று வந்தது. உள்ளே நான் பயந்ததைவிட ஆழம்.

"அறுப்புக்கு ஆகுமா?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா. இந்த அறுப்புக்கு முடியாது. அறுத்த வயல்ல நெல்லுத்தாள் குத்தினா மறுபடி புண்ணாயிரும்."

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. டாக்டர் லீவை ரத்து செய்ததோ, என் பேரில் குறிப்பு எழுதியதோ எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. ஒரு வீட்டின் வருஷ நெல்லில் பாதியை நான் அழித்துவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆப்பரேஷன் நடந்ததற்கு ஐந்தாம் நாள் தங்கச்சி கல்யாணம். அதற்கு முதல் நாள் காலையில் கட்டு முடிந்து நான் எழுந்தபோது அவள் கேட்டாள். "பக்கத்துக் கட்டில்காரி சொன்னா. நாளைக்கு ஒன் தங்கச்சி கல்யாணமாமே?"

"ஆமாக்கா."

"போகலையா?"

"லீவு இல்லைக்கா."

டாக்டர் பார்வையிட வந்தபோது அவள் முதுகைக் காட்டினாள், காலைக் காட்டினாள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகரப் போனபோது, "சாமி, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "இந்தப் புள்ளைய நாளைக்கு ஒரு நாள் கல்யாணத்துக்கு அனுப்பிவிடுங்க."

டாக்டருக்கு ஆச்சரியம். "காலைச் சுட்டவங்களுக்கு நீயே சிபாரிசு பண்றியா?"

"எங்காலு எரியிறது எரியத்தான் செய்யுது. அவ இங்ஙன நின்னா மட்டும் எரியாமப் போயிருமா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. ஆனா தங்கச்சி கல்யாணம் திரும்ப வருமா ஒனக்கு?"

டாக்டர் தலைமை நர்ஸம்மாவைப் பார்த்தார். "காலையில கட்டை நான் போட்டுக்கறேன்" என்றார் தலைமை நர்ஸம்மா. "சாயங்காலக் கட்டுக்கு வந்துரணும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம். பின்னால் கொதிகலன் மாதிரி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். கண்டக்டர் இறங்கி இறங்கி அதைக் கிளறுவார். மேடு வந்தால் நாங்களும் இறங்கி நடப்போம். நான் ஆவூர்க் கோயிலுக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி என்னைப் பார்த்ததும் கூட்டத்தை மறந்து கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று நாள் லீவு கிடைத்திருந்தால்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேனா தெரியாது.

பந்தி முடிந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாமியார் கேட்டுக்கிட்டே இருக்காரு. எப்ப வந்து சேர்றேன்னு சொல்லிட்டா மத்ததை நான் பாத்துக்குவேன்."

நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அவங்களா அனுப்புறதுக்கு முன்னாடி நீயா வந்துர்றது நல்லதும்மா. பேராவது மிஞ்சும்."

"அவங்க அனுப்பினா வந்துர்றேம்ப்பா" என்றேன். "நானா வரமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அதை எப்போது முடிவு செய்தேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் குதிகாலின் ஓரத்தில் புதுச்சதை எந்தப் பக்கம் முதலில் கட்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"புண்ணையும் சீழையும் பாத்துக்கிட்டே காலம் போயிருமேம்மா" என்றார் அப்பா.

"ஆறுறதையும் பாப்பேன்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவரே பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் முடியாது என்றார். "நர்ஸம்மா இவங்க, கட்டுப் போடப் போகணும்" என்று அப்பாதான் அவரிடம் சத்தமாகச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.

சாயங்காலம் கட்டுப் போடும்போது அவள், பொண்ணு என்ன சேலை கட்டியிருந்தாள், எத்தனை பந்தி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கல்யாண வீட்டு அதிரசம் கொண்டு வந்திருந்தேன். கொடுக்கத் தயக்கமாக இருந்தது. அவள் ஆத்தா கையை நீட்டி வாங்கி, பிட்டு மகள் வாயில் வைத்துவிட்டுத் தானும் தின்றார். "இனிப்புக் கொஞ்சம் கூட" என்றார். அந்த அம்மா என்னிடம் திட்டாமல் பேசிய முதல் வார்த்தை அது.

புண் ஆற இருபத்தாறு நாள் ஆனது. முதுகுத் தையல் அதற்கு வெகு முன்னாலேயே பிரித்தாகிவிட்டது. அறுப்பும் முடிந்துவிட்டது. ஆத்தா மட்டும் தனியாகப் போய் அறுத்துவிட்டு வந்தார். அந்த நட்டத்தை என்னால் ஈடுகட்ட முடியவில்லை. கடைசி நாள் கட்டை அவிழ்த்தபோது ரோஸ் நிறத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. அவள் வெறுங்காலோடு ஆஸ்பத்திரி முற்றத்துச் சரளைக் கல்லில் அங்கிட்டும் இங்கிட்டும் நாலு நடை நடந்து பார்த்தாள். குதிகாலை ஊன்றி ஒரு மிதி மிதித்தாள்.

"வலிக்கலை" என்றாள். "நடவு ஆரம்பிக்கிறதுக்குள்ள தோலு காச்சுக் கெட்டியாயிரும்." பிறகு துணிமூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்றாள். மன்னித்தேன் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேலையில் நிரந்தரமாக்குவதை மட்டும் ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். நியாயம்தான். ஆறு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டு எந்த வார்டு வேண்டும் என்று கேட்டபோது, ஆப்பரேஷன் முடிந்தவர்கள் இருக்கும் வார்டு வேண்டும் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையிலேயே இருந்தேன். நானே தலைமை நர்ஸான பிறகு லீவு கேட்டு வருகிற பெண்களை அலைய விடமாட்டேன். உண்டு, இல்லை என்பதை அன்றைக்குக் காலையிலேயே சொல்லிவிடுவேன். லீவு மனசில் ஓடிக்கொண்டிருக்கும் பெண் புட்டியை எப்படிச் சுற்றுவாள் என்று எனக்குத் தெரியும். புதிதாக வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன், என் பேரிலேயே.

தப்பைச் செய்த கையென்று தெரிந்தும், கேட்டபோது உண்மையைச் சொன்னேன் என்ற ஒரே காரணத்துக்காகத் தன் காலை என் பக்கம் நீட்டினாளே அந்தப் பெண், அந்த நம்பிக்கைக்குக் குறை வந்துவிடக்கூடாது என்றுதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு நோயாளியையும் நான் தொட்டிருக்கிறேன்.